காளியின் நாக்கும் காதர்பேட்டைப் பனியனும்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதப் பிற்பகுதியில், இரண்டு நாள் இடைவெளியில் இங்கிலாந்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஜூலை 22 அன்று பர்மிங்ஹாமில் வளர்ந்த ராக் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் காலமானார். ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆயத்த ஆடைகள் மீதான சுங்க வரியை நீக்க வழிசெய்யும் ஒப்பந்தம் என்பதால் இரண்டாவது செய்தியை ராயபுரத்துத் தேநீர்க் கடைகளில் நாள் முழுக்கப் பேசினார்கள். முதல் செய்தியை யாரும் பேசவில்லை. நாங்களாகச் சொன்னபோதும், "ஓசின்னா இனாமா குடுக்கறதுங்களா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ராயபுரம் என்றதும் சென்னைக்காரர்கள் தம் ஊர் ராயபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் சொல்வது திருப்பூர் ராயபுரம். பல ஆண்டுகளாக நாங்கள் சிலர் கூடி, படித்ததைப் பேசி, எழுதியதைத் திருத்தி, சண்டையிட்டுப் பிரிந்து மறுவாரம் மீண்டும் கூடுவது இங்கேதான். எழுதப்பட்டவற்றில் நாவல் உண்டு, கவிதை உண்டு, உலக சினிமா உண்டு. பிரிட்டிஷ் ராக் இசையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன் இல்லை என்று எங்களையே கேட்டுக்கொள்ள வைத்தது ஒரு பனியன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வர் காதர்பேட்டைக்குப் போயிருந்தோம். ஏற்றுமதியில் மிஞ்சியதும், தையல் பிசகிக் கழிக்கப்பட்டதும், அளவு தவறியதும் மலையாகக் குவிந்து விலைபோகும் இடம் அது. ஒரு கடையில், சிவந்த உதடுகளுக்கிடையே நாக்கைத் துருத்தும் படம் பொறித்த கறுப்பு டீசர்ட்டுகள் அடுக்கியிருந்தன. இது என்ன படம் என்று கேட்டோம். "ஏதோ ஃபாரின் கம்பெனி மார்க்குங்க. பசங்க விரும்பி எடுக்கறாங்க" என்றார் கடைக்காரர்.

ஒரு வகையில் அவர் சொன்னது சரிதான். அது கம்பெனி முத்திரையாகி வெகுகாலம் ஆகிவிட்டது. 1970இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்காக ஜான் பாஷ் என்ற ஓவியக் கல்லூரி மாணவர் வரைந்தது. கூலி 50 பவுண்டு. அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் அந்த மாணவரிடம் மாதிரிக்குக் காட்டியது நம் காளியின் படம். 2008இல் மூல ஓவியத்தை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆக, காளியின் நாக்கு லண்டனுக்குப் போய், உலகமெல்லாம் சுற்றி, கடைசியில் திருப்பூர்ப் பனியனின் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அச்சடித்தவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது, அணிபவருக்கும் தெரியாது. அருகில் நின்ற எங்களில் மூவருக்கும் அதுவரை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

தமிழ் இலக்கியச் சூழலில் பிரிட்டிஷ் பாப், ராக் குழுக்களைப் பற்றி இரண்டு எண்ணங்களே உலவுகின்றன. அது மேலைநாட்டு இரைச்சல், நமக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது ஒன்று. அது நுண்ரசனையின் அடையாளம், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துப் பெருநகரில் வளர்ந்தவர்களுக்கே திறக்கும் கதவு என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் அடியில் ஒன்றுதான். இரண்டுமே அந்த இசையை மேட்டுக்குடிச் சொத்தாகக் கருதுகின்றன. எங்கள் தரப்பு வேறு. அந்தக் குழுக்களின் வரலாறு பெரும்பாலும் பஞ்சும் இரும்பும் சுமந்த ஊர்களின் வரலாறு. அதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் மற்ற எந்த ஊரைக்காட்டிலும் திருப்பூருக்கே அதிகத் தகுதி உண்டு.

லிவர்பூலிலிருந்து தொடங்குவோம். லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு வந்திறங்கிய துறைமுகம் அது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய தந்தை ஜிம், அங்கே ஒரு பஞ்சுத் தரகு நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தவர். மாலையில் நண்பர்களோடு சிறு ஜாஸ் குழு நடத்தினார். ஜார்ஜ் ஹாரிசனின் தந்தை பேருந்துத் தொழிலாளி. இந்தக் கதைக்குள் நம் மதராஸும் இருக்கிறது. பீட்டில்ஸின் டிரம்ஸ் கலைஞராக 1960 முதல் 1962 வரை இருந்த பீட் பெஸ்ட், 1941இல் மதராஸில் பிறந்தவர். அவர் தாய் மோனா டெல்லியில் பிறந்தவர். 1945இல் அக்குடும்பம் லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்தது. 1954இல் மோனா தம் நகைகளை அடகு வைத்துக் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டினார். குதிரை ஜெயித்தது. பின்னர் வாங்கிய பெரிய வீட்டின் நிலவறையில் 1959 ஆகஸ்டில் இளைஞர்களுக்காக ஒரு காபி மன்றம் திறந்தார். அதன் சுவர்களுக்கு வண்ணம் பூசியவர்களில் லென்னனும் மெக்கார்ட்னியும் உண்டு. திறப்பு நாளில் வாசித்தவர்களும் அவர்களே. குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவரச் சில வாரங்கள் இருக்கையில், 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். பெரும்புகழின் வாசற்படியில் தடுத்து நிறுத்தப்பட்டவர் என்று அவரைப் பற்றி எழுதாதவர் இல்லை. எங்களுக்கோ மகனைவிடத் தாயே முக்கியமானவராகத் தெரிகிறார். நகையை அடகு வைத்த பெண் கடைசியில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டார். அந்த அறைக்குக் கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவோம்.

மதராஸில் பிறந்த இன்னொருவரும் உண்டு. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட பாடகர் 1936இல் இங்கே பிறந்தவர். 1967இல் அவருடைய பாட்டொன்று பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸை முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்தது. இதைக் கொண்டு மதராஸ் மண்ணின் மகிமை என்று மார்தட்ட ஒன்றுமில்லை. இவர்கள் நம் தெருவில் வளர்ந்தவர்கள் அல்லர், காலனி ஆட்சியோடு வந்து, அதோடு திரும்பிப் போன குடும்பங்களின் பிள்ளைகள். ஆயினும், நமக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்வோர் இந்தச் செய்தியையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

அறுபதுகளில் பிரிட்டனில் தெருவுக்கொரு இசைக்குழு எப்படி முளைத்தது? மேதைமை என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிட முடியாது. மேதைகள் எல்லா ஊரிலும் பிறக்கிறார்கள். மற்ற காரணங்களைப் பார்ப்போம். 1958இல் தவணைமுறைக் கடனுக்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் தவணையில் கிடார் வாங்க முடிந்தது. 1959இல் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு இருந்த தடை விலகியது. 1960இல் கட்டாய ராணுவப் பணிக்கு ஆள் எடுப்பது நின்றது. 1940இல் பிறந்த லென்னனின் தலைமுறை, சீருடை அணிந்து கழித்திருக்க வேண்டிய ஆண்டுகளைத் தன் கையில் வைத்துக்கொண்டது. பள்ளியில் சோபிக்காத பிள்ளைகளுக்கு ஓவியக் கல்லூரிகள் இடம் கொடுத்தன. லென்னன், ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், தி ஹூ குழுவின் பீட் டவுன்சென்ட், கின்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் என்று பலரும் அப்படிப்பட்ட கல்லூரிகளில் இருந்தவர்கள். அங்கே அவர்கள் ஓவியம் கற்றார்களோ இல்லையோ, ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான நேரம் கிடைத்தது. அந்த ஓய்வில் அவர்கள் செய்ததே அவர்களுடைய இசை.

ஓய்வு என்பதால் சோம்பல் என்று பொருள் கொள்ளக் கூடாது. 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்து மதுக்கூடத்தில் பீட்டில்ஸ் வாசிக்கத் தொடங்கியபோது, வார நாள்களில் இரவுக்கு நாலரை மணி நேரமும் வார இறுதியில் ஆறு மணி நேரமும் மேடையில் நின்றார்கள். திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்ல ஒரே சொல் போதும்: ஷிப்ட். பாடியதெல்லாம் பிறர் பாட்டு, அமெரிக்கப் பாட்டு. நம் ஊர் மாரியம்மன் பண்டிகை மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அவர்களுக்கும் அன்று பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அதன்பின் வந்தது. அவர்கள் தம் சொந்தப் பாட்டைப் பாடவும், அதைக் கேட்கவும் ஓர் இடம் இருந்தது.

அடுத்து பர்மிங்ஹாம். எங்களை மிகவும் பாதித்த கதை இதுதான். 1965இல், பதினேழு வயது டோனி அயோமி ஒரு தகரப் பட்டறையில் வேலை பார்த்தார். அன்று அவருடைய கடைசி வேலை நாள். மறுநாள் முதல் முழுநேரமும் இசை என்று முடிவு செய்திருந்தார். அன்று இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடக்கைக்காரர். கிடாரின் தந்தியை அழுத்துவது அந்த வலக்கைதான். கதை முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார். பட்டறை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டோடு அவரைப் பார்க்க வந்தார். தீ விபத்தில் இடக்கை விரல்கள் முடங்கியபின் எஞ்சிய இரண்டு விரல்களால் வாசித்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குக் குப்பி செய்து, மேலே தோல் துண்டை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். வலி குறையத் தந்திகளைத் தளர்த்தினார், சுருதி கீழே இறங்கியது. ஆஸ்போர்ன் முதலியவர்களோடு அவர் அமைத்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று அழைக்கும் கனத்த ஒலிக்கு அந்தக் குழுவையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்த பையன் பாட, விரல் இழந்த தொழிலாளி வாசித்த இசை அது.

தையல் ஊசி நகத்தைத் துளைத்து விரலில் இறங்குவதைப் பார்க்காத பனியன் தொழிலாளி இந்த ஊரில் இருக்க மாட்டார். ஊசியைப் பிடுங்கி, துணித் துண்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மெஷினில் உட்காருவதே இங்கே வழக்கம். இந்தக் கதையைக் கேட்டால் அவருக்கு விளக்கவுரை தேவைப்படாது. விளக்கவுரை எங்களுக்குத்தான் தேவைப்பட்டது. அந்த மேற்பார்வையாளரை நினைத்து நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். அடிபட்ட தொழிலாளியிடம் ஒரு மேற்பார்வையாளர் இசைத்தட்டைக் கொண்டுவரும் வாழ்க்கை எப்படிப்பட்டது?

மூன்றாவது, மான்செஸ்டர். உலகின் பருத்தித் தலைநகரமாக இருந்து நொடித்துப்போன ஊர். அங்கே ஃப்ரீ டிரேட் ஹால், அதாவது தடையற்ற வணிக மண்டபம் என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் உண்டு. உரிமை கேட்டுத் திரண்ட தொழிலாளர்கள் 1819இல் குதிரைப் படையால் வெட்டப்பட்ட பீட்டர்லூ மைதானத்தில், தடையற்ற வணிகக் கொள்கையின் வெற்றிக்கு நினைவாக எழுப்பப்பட்டது. அதன் சிறிய அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு பாடியது. வந்தவர்கள் சில டஜன் பேர். அந்தச் சிறு கூட்டத்திலிருந்து எழுந்துபோனவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் தாங்களே குழுக்கள் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று ஜாய் டிவிஷன். காலியான கிடங்குகளும் ஆலைகளும் மலிவு வாடகைக்குக் கிடைத்ததால் அவர்களுக்குப் பயிற்சி செய்ய இடம் இருந்தது. அக்குழுவின் பாடகர் இயான் கர்ட்டிஸ், மேக்கிள்ஸ்ஃபீல்டு என்ற பட்டு நெசவு ஊர்க்காரர். அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணிபுரிந்தவர். 1980இல், 23 வயதில் தன்னை மாய்த்துக்கொண்டார். 1979இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் உறையில் இருந்த படத்தை நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர்போல வெள்ளைக் கோடுகள். அது மலையல்ல. 1967இல் கண்டறியப்பட்ட ஒரு துடிப்பு விண்மீனின் வானொலி அலைகள், வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதுவும் டீசர்ட்டில் ஏறிவிட்டது.

இங்கே நிறுத்தி எங்களுக்குள் எழுந்த ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும். நண்பர் ஒருவர் கேட்டார்: "லங்காஷயரின் செழிப்பு யார் வயிற்றில் அடித்துச் சேர்த்தது? நம் நெசவாளியின் தறியை நிறுத்தியவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாடியதை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும்? அதுவும் குமரன் உயிரைவிட்ட ஊரில்?"

நியாயமான கேள்வி. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயருக்கே போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளர்கள் அவரை வரவேற்றார்கள். அந்தப் புகைப்படங்களில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று சிரிப்பதைக் காணலாம். அடுத்த நாலாவது மாதம், 1932 ஜனவரியில், திருப்பூரில் கொடியேந்தி நடந்த குமரன் போலீஸ் தடியடியில் வீழ்ந்தார். இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். மான்செஸ்டர் முதலாளியையும் மான்செஸ்டர் தொழிலாளியையும் காந்தி பிரித்துப் பார்த்தார். இசையைக் கேட்கும்போது மட்டும் நாம் ஏன் பிரித்துப் பார்க்கக் கூடாது?

அந்த இசையுலகம் மாசற்றது என்றும் நாங்கள் சொல்லவில்லை. அதன் வேர் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசை. அவர்களிடம் எடுத்ததைக் கொண்டு இவர்கள் செல்வந்தரானார்கள். 1976இல் பர்மிங்ஹாம் மேடையில், ப்ளூஸை வைத்தே வாழ்ந்த கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு மறுப்பாக அதே ஆண்டு 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கம் தொடங்கியது. 1978இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் அவ்வியக்கம் கூட்டிய பெருந்திரளில் தி கிளாஷ் குழு பாடியது. அதே கிளாஷ் குழு 1982இல் குடியேறிகளின் துயரைப் பாடிய பாட்டொன்றின் இசைத் துணுக்கை எடுத்து, 2007இல் தன் புகழ்பெற்ற பாட்டைச் செய்தவர் ஓர் ஈழத் தமிழ்ப் பெண். எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி 1986இல் அகதியாக லண்டன் திரும்பியவர். அவரும் ஓவியக் கல்லூரியில் படித்தவரே. தாயின் பெயரைத் தலைப்பாகச் சூட்டிய 'கலா' இசைத்தட்டின் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவுசெய்தார். அதில் உறுமி மேளமும் இளையராஜாவின் இசைத் துணுக்கும் ஒலிக்கின்றன. பிரிட்டிஷ் ராக் நமக்கு அந்நியம் என்பவர்கள் இந்தப் பெண்ணை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இந்த ஊரின் துயரத்தையும் இலக்கியம் எழுதாமல் இல்லை. நொய்யலில் சாயம் ஓடியதை சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் எழுதினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது வரலாறு. நாவல் பிறந்த இந்த ஊரில், தொழிலாளியின் சொந்தப் பாட்டு ஏன் பிறக்கவில்லை?

தமிழருக்கு அந்த மரபு இல்லை என்ற பதில் செல்லாது. பாவலர் வரதராசன் தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். பாவலர் பிரதர்ஸ் என்ற அந்தக் குழு நம்முடைய அசலான இசைக்குழு. ஆர்மோனியமும் கிடாரும் தோளுமாகத் திரிந்த நாட்டுப்புறத்து இளைஞர்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் 1968இல் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்று, இளையராஜா ஆனார். அதனால் நாம் அடைந்ததற்குக் கணக்கே இல்லை. இழந்தது ஒன்று உண்டு. திறமையுள்ள எவரும் போய்ச் சேர வேண்டிய இடம் சினிமா ஒன்றே என்று ஆகிவிட்டது. ஊரில் எஞ்சிய மெல்லிசைக் குழுக்கள் சினிமாவின் எதிரொலியாக நின்றுவிட்டன. அந்த விதி மாறாதது அல்ல என்பதை 2018 ஜனவரியில் சென்னை மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் காட்டியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழுவில் கானா பாடியவர்களும் ராக் வாசித்தவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். யாரோ ஒருவர் இடமும் நேரமும் பொறுப்பும் ஏற்றபோது அது நடந்தது. மோனா பெஸ்டின் நிலவறையில் நடந்ததும் அதுதான்.

நேரம் என்ற இடத்தில்தான் திருப்பூர் தோற்கிறது. இங்கே வேலையின் அளவு ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். அவசர ஆர்டர் என்றால் அதுவும் இல்லை. சனிக்கிழமை இரவு சம்பளம், ஞாயிறு துணி துவைக்கவும் கறி எடுக்கவும் தூங்கவும் போய்விடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறைக்கு ஆறேழு பேராகத் தங்குகிறார்கள். கைப்பேசியில் அவர்கள் ஊர்ப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. விடுதிகளில் தங்கும் பெண்களுக்கு வெளியே போவதற்கே நேரக் கட்டுப்பாடு. இந்த வாழ்க்கையில் பாட்டைக் கேட்க முடியும். பாட்டைச் செய்ய முடியாது. செய்வதற்கு, வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

பிரிட்டனிலும் அந்த மாலைப்பொழுது தானமாகக் கிடைத்ததல்ல. ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறார்க்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847இல், நெடும் போராட்டத்துக்குப்பின் வந்தது. 1850இல் சனிக்கிழமை பிற்பகல் விடுப்பு சட்டமாயிற்று. நேரம் கைக்கு வந்ததும் தொழிலாளர் இசை தழைத்தது. 1855இல் யார்க்ஷயரில் ஜான் ஃபாஸ்டர் என்ற கம்பளி ஆலை முதலாளி, ஆலையின் பெயரிலேயே பித்தளை வாத்தியக் குழு அமையத் துணைநின்றார். பிளாக் டைக் மில்ஸ் குழு அது. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1968இல், பஞ்சு விற்பனையாளர் மகன் மெக்கார்ட்னி தாம் அமைத்த ஒரு மெட்டை அந்த ஆலைக் குழுவைக் கொண்டே வாசிக்கச் செய்து, பீட்டில்ஸின் சொந்த நிறுவனத்தில் வெளியிட்டார். ஜவுளி ஆலையும் ராக் இசையும் ஒரே இசைத்தட்டில் கைகோத்த நிகழ்ச்சி இது. ஃபாஸ்டர் தர்மவான் என்று நாங்கள் வாதாட வரவில்லை. முதலாளிக்கு அவருடைய கணக்கு இருந்திருக்கும். ஆனால் பெயர் நிலைத்திருக்கிறது, குழு இன்றும் வாசிக்கிறது. அந்த ஆலையின் துணியை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஆகவே எங்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். திருப்பூரில் ராக் இசை வளர வேண்டும் என்று நாங்கள் கோரவில்லை. இங்கே பிறக்கும் இசை உறுமியாக இருக்கலாம், ஒயிலாட்டப் பாட்டாக இருக்கலாம், ஒடியாவும் தமிழும் கலந்த ஏதோ ஒன்றாக இருக்கலாம். அது என்னவென்று முன்கூட்டிச் சொல்ல நாம் யார்? ஆனால் எட்டு மணி நேர வேலையில் குடும்பம் நடத்தும் கூலி என்பது வயிற்றின் கோரிக்கை மட்டுமல்ல, பண்பாட்டின் கோரிக்கையும்தான் என்பதை இலக்கியவாதிகள் உரக்கச் சொல்ல வேண்டும். ஓய்வுநேரத்தைப் பற்றிய பேச்சைத் தொழிற்சங்கத்தின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, தொழிலாளியிடமிருந்து கலை வரவில்லையே என்று அங்கலாய்ப்பது நேர்மையல்ல. நாங்களே பல ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறோம்.

இன்னொன்று, சிறிய காரியம். ஓர் அறை. ஒரு டோலக், ஓர் உறுமி, இரண்டு கிடார், ஓர் ஒலிபெருக்கி. ஞாயிறு மாலையில் யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், சொந்தப் பாட்டு பாடுகிறவர்க்கு முன்னுரிமை. ஆயிரக்கணக்கான கோடி புழங்கும் ஊரில் இதற்கு ஆகும் செலவு ஒரு சாம்பிள் பீஸின் செலவு. இதைச் சொன்னதும் மேற்படி ஆட்சேபக்கார நண்பர், "வாடகை யார் கொடுப்பது? பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வந்தால் யார் போய்ப் பேசுவது?" என்றார். பிறகு அவரே, தம் தறிக்குடோனில் சரக்கில்லாத பின்பக்க அறையின் சாவி தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். மின்விசிறி ஓடாதாம்.

காதர்பேட்டையில் வாங்கிய பனியனை எங்களில் ஒருவர் அணிந்துகொண்டு அச்சுப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தார். ஸ்கிரீன் போடும் பையன் நாக்குப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை நான் அடிச்சிருக்கேங்க. செவப்பு சரியா ஒட்டாம ரெண்டு தரம் அடிக்கணும். யாருதுங்க இந்த நாக்கு?" என்று கேட்டிருக்கிறான். காளியுடையது என்று சொன்னாராம். பையன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வந்தால் முழுக் கதையும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தனக்கு உறுமி வாசிக்கத் தெரியும் என்று பையன் சொல்லியிருக்கிறான்.